பெனிடோர்ம் உங்கள் விடுமுறைக்குச் சரிவருமா? பணம் கட்டும் முன் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஸ்பெயினின் கடற்கரை ஊர்களில் பெனிடோர்ம் அளவுக்குப் புகழும் திட்டும் ஒருசேர வாங்கிய ஊர் வேறு இருக்காது. ஒருவர் வருடம் தவறாமல் போவார். இன்னொருவர் ஒரே இரவில் வெறுத்துப்போய்க் கிளம்பியிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் அவர்கள் தங்கிய தெருவும் வேறு, போன மாதமும் வேறு. அதனால் 'பெனிடோர்ம் நல்ல ஊரா?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. யார் போகிறீர்கள், எந்த மாதம், எந்தப் பகுதியில் தங்குகிறீர்கள் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் முடிவு தானாக வந்துவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: இது எப்படிப்பட்ட ஊர் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

அலிகாந்தே மாகாணத்தில், கோஸ்தா பிளாங்கா எனப்படும் கரையில் இருக்கிறது பெனிடோர்ம். 1950-களின் தொடக்கம் வரை இது ஒரு மீனவர் ஊர். சூரை மீன் பிடிப்பில் பேர் பெற்ற ஆட்கள் இங்கே இருந்தார்கள். அப்போது நகரத் தலைவராக இருந்த பெத்ரோ சரகோசா, மீனை நம்பியிருந்த ஊரைச் சுற்றுலாப் பக்கம் திருப்பினார். 1956-இல் நகரமைப்புத் திட்டம் வந்தது. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் கெடுபிடிக் காலத்தில் கடற்கரையில் பிகினியை அனுமதித்தவரும் அவர்தான். அதற்குக் கிளம்பிய எதிர்ப்பைச் சமாளிக்க, வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் வரை போய் பிராங்கோவைப் பார்த்தார் என்ற கதையை ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

பிறகு கட்டட உயரத்துக்கு இருந்த கட்டுப்பாடு தளர்ந்தது, ஊர் வானத்தை நோக்கி வளர்ந்தது. 2002-இல் திறந்த கிரான் ஹோட்டல் பாலியின் உயரம் 186 மீட்டர். பொருளாதார நெருக்கடியில் பல வருடம் பாதியில் நின்ற இன்டெம்போ இரட்டைக் கோபுரம் 2021-இல் திறந்தபோது அதையும் தாண்டிவிட்டது. வெறும் எழுபதாயிரம் பேர் வசிக்கும் ஊர் இது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கோபுரங்கள் எவ்வளவு விசித்திரம் என்று புரியும்.

உங்கள் விடுமுறைக்கு இதனால் என்ன? ஊர் பக்கவாட்டில் பரவாமல் மேலே போனதால் கடற்கரை, கடை, பழைய ஊர், மருந்தகம் எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. வாடகைக் கார் இல்லாமலேயே முழு விடுமுறையையும் கழித்துவிடலாம். ஆனால் வெள்ளைச் சுவர் வீடுகள், ஆளில்லாத குட்டிக் கடற்கரை, மீன்வலை காயும் முற்றம் என்றெல்லாம் மனதில் படம் வைத்திருந்தால் பெனிடோர்ம் அதைத் தராது. அந்தப் படம்தான் முக்கியம் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, படி 7-இல் சொல்லும் பக்கத்து ஊர்களைப் பாருங்கள்.

படி 2: பார்க்கும் இடங்களை விடுங்கள், ஒரு நாளை எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் விடுமுறைக்கு முன் 'பார்க்க வேண்டிய இடங்கள்' பட்டியல் போடுகிறார்கள். கடற்கரை ஊருக்கு அது உதவாது. ஒரு சாதாரண நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? மதியம் தூங்குவீர்களா? இரவு 11 மணிக்குப் பிறகு வெளியே இருப்பீர்களா, அல்லது அறை அமைதியாக இருக்க வேண்டுமா? தினமும் மேடு ஏறி நடக்க முடியுமா? குழந்தை எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும்?

வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, தம்பிக்கு இரவு இசை வேண்டும், குழந்தைக்கு மணலும் தண்ணீர்ச் சறுக்கும் போதும் என்றால், ஆச்சரியமாக, அந்தக் குடும்பத்துக்கு பெனிடோர்ம் மிகப் பொருத்தம். மூன்று தலைமுறையும் ஒரே ஊரில் ஆளுக்கொரு திசையில் போய், இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடியும். அமைதி தேடும் தம்பதிக்கோ, ஓவியமும் அருங்காட்சியகமும் தேடுபவருக்கோ இதே ஊர் இரண்டாவது நாளிலேயே அலுத்துவிடும்.

வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. லெவாந்தே, போனியெந்தே இரண்டு கடற்கரையிலும் நடைபாதை அகலம், தளம் சமம். கடலுக்குள் இறங்க உதவும் நாற்காலிகளும் உதவியாளர்களும் சீசனில் உண்டு. மின்சார மூன்று சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றும் தாத்தா பாட்டிகளை எங்கும் பார்க்கலாம். இந்த விஷயத்தில் பெனிடோர்மை மிஞ்சும் கடற்கரை ஊர் ஐரோப்பாவிலேயே குறைவு என்பேன்.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடக்கே மலைகள் குளிர்காற்றைத் தடுப்பதால் இங்கே குளிர்காலம் இதமானது. ஜனவரியில்கூடப் பகல் வெப்பம் 16, 17 டிகிரியைத் தொடும். ஆகஸ்டில் 30 டிகிரியைத் தாண்டும், இரவிலும் புழுக்கம் இருக்கும். கடல் நீர் பிப்ரவரியில் 14 டிகிரி அளவில் சில்லென்றும், ஆகஸ்டில் 26 டிகிரி அளவில் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்களே படையெடுத்து வருகின்றன, பிரிட்டன்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். காலை பத்து மணிக்கு லெவாந்தேயில் குடை விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். கூட்டம் பிடிக்காது என்றால் ஆகஸ்டை மறந்துவிடுங்கள். ஈஸ்டர் வாரமும் அப்படித்தான்.

என் தேர்வு ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர் பிற்பகுதி. செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் குளிராது, பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறையும், விலையும் இறங்கும். ஆனால் இலையுதிர்காலத்தில் இந்தக் கரைக்குத் திடீர்ப் பெருமழை வருவதுண்டு. ஒரு வாரப் பயணத்தில் ஒரு நாள் மழைக்குப் போனாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு போங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாமா? நீந்துவதற்கு இல்லை, நடப்பதற்கு உண்டு. பல ஸ்பானியக் கடற்கரை ஊர்கள் குளிர்காலத்தில் கதவைச் சாத்திவிடும், பெனிடோர்ம் சாத்தாது. ஓய்வூதியர்களுக்கு அரசு மானியத்தில் விடுமுறை தரும் இம்செர்சோ திட்டம் 1980-களிலிருந்து ஸ்பெயினில் நடக்கிறது. அதில் வருகிறவர்களால் ஹோட்டல்கள் குளிர்காலத்திலும் ஓடுகின்றன. நல்ல உடை உடுத்தி, கைகோர்த்து, வெயில் விழும் நடைபாதையில் மெதுவாக நடக்கும் முதியவர்கள், உணவகத்தில் பிற்பகலிலேயே தொடங்கிவிடும் ஜோடி நடனம் என்று ஊரின் முகமே அப்போது வேறு. பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள் இந்தப் பருவத்தைக் கட்டாயம் யோசியுங்கள். குழந்தைகளுக்கான அக்வாலாந்தியா தண்ணீர்ப் பூங்காவும் தெர்ரா மித்திகா கேளிக்கைப் பூங்காவும் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நவம்பர் நடுவில் ஊர்த் திருவிழா வரும். அது முடிந்த கையோடு ஒரு வியாழக்கிழமை ஆயிரக்கணக்கான பிரிட்டன்காரர்கள் மாறுவேடம் போட்டுத் தெருவில் இறங்குவார்கள். அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்பவர்கள் தேதியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

படி 4: பகுதியைத் தேர்ந்தெடுங்கள், பாதி முடிவு இதில்தான்

ஊரின் நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை. அதன் மேல் பழைய ஊர். அதன் கிழக்கே சுமார் 2 கிலோமீட்டர் நீள லெவாந்தே கடற்கரை, மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் நீள போனியெந்தே. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஹோட்டல் விளம்பரத்தையும் சரியாகப் படிக்கலாம்.

லெவாந்தேயின் கிழக்குக் கோடியில் இருப்பது ரின்கோன் தே லோயிஷ். பெனிடோர்ம் என்றதும் பலர் பயப்படும் இரவுகள் இங்கேதான் நடக்கின்றன. ஆங்கிலேய மதுக்கடைகள், வறுத்த பன்றி இறைச்சியும் பீன்ஸும் வைக்கும் காலை உணவு, விடியும் வரை பாட்டு, கல்யாணத்துக்கு முன் நண்பர்கள் கூட்டமாக வந்து குடித்துக் கொண்டாடுவது என்று வாரக்கடைசிகளில் தூள் பறக்கும். இருபதுகளில் இருக்கும் நண்பர் கூட்டத்துக்கு இதைவிட மலிவான கொண்டாட்டம் கிடைப்பது கடினம். குழந்தையோடு வருபவர் இந்தப் பகுதியின் நடுத்தெருக்களில் அறை எடுத்தால் தூக்கம் போய்விடும். இன்னொரு விஷயம்: இங்கே கடலைவிட்டு உள்ளே போகப் போகத் தெருக்கள் நன்றாகவே மேடேறும். 'கடற்கரைக்குப் பத்து நிமிட நடை' என்பது இறங்கும் கணக்கு. மத்தியான வெயிலில் ஈரத் துண்டோடும் தூங்கும் குழந்தையோடும் ஏறும் கணக்கை விளம்பரம் சொல்லாது.

லெவாந்தேயின் நடுப்பகுதி இரண்டும் கெட்டான் இல்லை, இரண்டும் கலந்தது. மணல் நன்றாக இருக்கும், கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், கடைகள் நெருக்கமாக இருக்கும். முதல் முறை போகிறவர்கள் கடலோர வரிசையிலோ அதற்கு அடுத்த தெருவிலோ எடுத்தால் பெரிய ஏமாற்றம் இருக்காது. நடைபாதையில் மூன்று கிண்ணத்துக்குள் உருண்டையை மறைத்துப் பணம் கட்டச் சொல்லும் கும்பலைப் பார்ப்பீர்கள். ஜெயிக்கிற மாதிரி நிற்பவர்களும் அவர்களுடைய ஆட்களே. நின்று வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் பணப்பைக்கும் ஆபத்து.

பழைய ஊர் பலர் எதிர்பார்க்காத பெனிடோர்ம். நீல ஓட்டுக் குவிமாடம் வைத்த 18-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், வளைந்த சந்துகள், பாறை முனையில் வெள்ளைக் கைப்பிடிச் சுவரோடு நிற்கும் மத்தியதரைக்கடல் மாடம். அங்கே நின்றால் இடது கையில் ஒரு கடற்கரை, வலது கையில் இன்னொன்று. கீழே மால் பாஸ் என்ற சின்னஞ்சிறு மணல் குடா. சாந்தோ தொமிங்கோ தெருவிலும் அதைச் சுற்றியும் தபாஸ் எனப்படும் சின்னத் தட்டுத் தீனிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியிலிருந்து தலைமுறைகளாக வருபவர்கள் அதிகம் என்பதால், ரொட்டித் துண்டின் மேல் எதையாவது அடுக்கிக் குச்சி குத்தி வைக்கும் பின்ச்சோ கடைகளும் உண்டு. இரவில் சத்தம் இருக்கும், ஆனால் அது சாப்பிட்டுப் பேசும் சத்தம். சந்துக்குள் கார் வராது, பெட்டியை நீங்களே இழுத்துப் போக வேண்டும்.

போனியெந்தே நிதானமானது. ஸ்பெயின் நாட்டவர் அதிகம் தங்கும் பக்கம். கட்டடக்கலைஞர் கார்லோஸ் ஃபெர்ரத்தெர் வடிவமைத்து 2009-இல் திறந்த நடைபாதை, அலை அலையாக, பகுதிக்கு ஒரு நிறமாக நீள்கிறது. மாலையில் வெயில் தாழும்போது ஊரே அங்கே உலாவ வந்துவிடும். பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், பேரக் குழந்தைகள் இரவு பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் என்னைக் கேட்டால், பழைய ஊரை ஒட்டிய போனியெந்தே முனையைத்தான் சொல்வேன்: தூங்கவும் முடியும், சாப்பிட நடக்கவும் முடியும். மேற்குக் கோடிக்குப் போகப் போக விலை குறையும், ஊர் மையம் தூரமாகும். கிரான் ஹோட்டல் பாலி அந்தக் கோடியில் இருக்கிறது. பழைய ஊருக்கு அங்கிருந்து பேருந்துதான் வசதி.

படி 5: ஹோட்டலை வரைபடத்தில் சோதியுங்கள்

இணைய வரைபடத்தில் ஹோட்டலின் வாசலுக்கே போய்த் தெருக்காட்சியைத் திறந்து, கடல் வரை விரலால் நடந்து பாருங்கள். படிக்கட்டு, மேடு, எதிரே இரவுக் கடை எல்லாம் தெரிந்துவிடும். கடைகளின் பெயர்ப்பலகையையும் உணவுப் பட்டியலையும் படியுங்கள். ஆங்கிலக் கொடியும் கால்பந்துத் திரையும் நிறைந்த தெருவா, ஸ்பானியத்தில் மட்டும் எழுதிய சிற்றுண்டிக் கடைத் தெருவா என்று பார்த்தாலே இரவு எப்படி இருக்கும் என்று கணித்துவிடலாம்.

அறை விவரத்தில் 'பக்கவாட்டுக் கடல் காட்சி' என்றிருந்தால், மாடத்தில் நின்று கழுத்தைத் திருப்பினால் இரண்டு கோபுரத்துக்கு நடுவே ஒரு நீலக் கீற்று தெரியும் என்று பொருள். முன்பக்கக் காட்சி வேண்டுமென்றால் அந்த வார்த்தை எழுத்தில் இருக்க வேண்டும். அரை உணவு, முழு உணவுத் திட்டங்களில் சாப்பாட்டு மேசையில் குடிக்கும் தண்ணீருக்கும் பல இடங்களில் தனிக்காசு. கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர் கூட்டத்தை ஏற்காத, பெரியவர்கள் மட்டும் தங்கும், குழந்தைகளுக்கென்றே நடத்தும் ஹோட்டல்கள் தனித்தனியாக உண்டு. மதிப்புரைகளில் நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். பிப்ரவரி மதிப்புரை ஆகஸ்டுக்கு எதுவும் சொல்லாது.

படி 6: சாப்பாடு ஒத்துவருமா?

ஸ்பானிய நேரப்படி மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். குழந்தைகளும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் இருந்தால் இது சிக்கல்தான். ஆனால் பிரிட்டன்காரர்களுக்காக முன்கூட்டியே திறக்கும் கடைகள் இங்கே ஏராளம். வார நாள்களில் மதியம் கிடைக்கும் நாள் சாப்பாட்டில் முதல் உணவு, இரண்டாவது உணவு, இனிப்பு எல்லாம் ஒரே விலையில் வரும். வயிறும் பணப்பையும் ஒருசேர நிறைய அதுதான் வழி.

சைவர்கள் தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பாத்ரோன் மிளகாய், சுட்ட கத்திரிக்காய்க் குடமிளகாய் எஸ்காலிவாதா, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு போட்ட தடித்த ஆம்லெட்டான தோர்த்தியா என்று சமாளிக்கலாம். பாயேயா என்பது அகலச் சட்டியில் சமைக்கும் சோறு. காய்கறிப் பாயேயாவில் மீன் அல்லது கோழி வடிநீர் ஊற்றுவதுண்டு, அதனால் கேட்காமல் சாப்பிடாதீர்கள். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். பாயேயா பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறையாமல்தான் சமைப்பார்கள். பிரிட்டன்காரர்களின் நாக்குக்கு நன்றி, இந்திய உணவகங்களுக்கும் குறைவில்லை. ஆனால் காரம் அவர்கள் அளவுக்குத்தான் இருக்கும்.

படி 7: ஊரைவிட்டுத் தப்பிக்கும் நாள்களைச் சேருங்கள்

பெனிடோர்மை 'சுமார்' என்று நினைத்தவர்களைக்கூட மாற்றும் விஷயம் சுற்றுவட்டாரம். டிராம் நிலையம் கடற்கரையிலிருந்து சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் அல்தேயா: வெள்ளை வீடுகள், கல் பாவிய படிச்சந்துகள், மேலே நீலக் குவிமாடத் தேவாலயம். கடற்கரை கூழாங்கல் என்பதால் மணல் பிரியர்களுக்கு ஆகாது. அமைதி தேடுகிறவர்கள் அங்கேயே தங்கிவிட்டு பெனிடோர்முக்கு ஒரு நாள் வந்து போவது நல்ல மாற்றுத் திட்டம். இன்னும் வடக்கே கால்பேயில் கடலிலிருந்து 332 மீட்டர் எழும் இஃபாச் பாறை. தெற்கே விய்யாஹொயோசாவில் வண்ண வண்ண மீனவர் வீடுகளும் பழைய சாக்லேட் ஆலையும். அந்த டிராமிலேயே அலிகாந்தே நகருக்கும் போகலாம், ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட ஆகும்.

மலைப்பக்கம் குவாதலெஸ்த் கோட்டைக்கும் அல்கார் அருவிகளுக்கும் பேருந்துச் சுற்றுலா உண்டு. நடப்பவர்களுக்கு ஊரின் ஓரத்திலேயே சியெர்ரா எலாடா இயற்கைப் பூங்கா. சிலுவை நிற்கும் மேடு வரை ஏறினால் கோபுரக் கூட்டம் முழுவதும் காலடியில் தெரியும். காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது.

படி 8: விசாவும் வழியும்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறைவாக விட்டுவைக்கக் கூடாது. கோடையில் நேர்காணல் நேரம் கிடைப்பதே பாடு. பிரிட்டனில் வேலை அனுமதியில் இருக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் இதே விதிதான். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

இந்தியாவிலிருந்து இதற்கென்று மட்டும் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாட்ரிட்டையோ வலென்சியாவையோ பார்க்கப் போகிறவர்கள் கடைசியில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளலாம். மாட்ரிட்டிலிருந்து அலிகாந்தேவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். லண்டனிலிருந்து விமானமும் ஏறக்குறைய அதே நேரம்தான், அதனால் பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது எளிதான ஒரு வாரப் பயணம். அலிகாந்தே விமான நிலையத்திலிருந்து பெனிடோர்முக்கு நேரடிப் பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று கூட.

படி 9: இப்போது முடிவு

நீங்கள் எழுதிய அந்த ஒரு நாளை எடுத்து, தேர்ந்த மாதத்திலும் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். உறக்கம், நடை, சாப்பாடு மூன்றும் இடிக்காமல் போனால் பதிவு செய்யுங்கள். உறக்கம் மட்டும் இடித்தால் பகுதியை மாற்றுங்கள். கூட்டம் இடித்தால் மாதத்தை மாற்றுங்கள். கோபுரங்களே கண்ணை உறுத்தினால் எதை மாற்றியும் பயனில்லை, அல்தேயாவுக்கோ கால்பேவுக்கோ போய்விடுங்கள்.

இன்னும் தயக்கம் இருந்தால் ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். விசா கைக்கு வரும் வரை, பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். ஆகஸ்டுக்கு என்றால் கடலோர வரிசை அறைகள் வசந்தத்திலேயே தீர ஆரம்பிக்கும், முதலில் அறையைப் பிடியுங்கள். செப்டம்பருக்கு என்றால் அவசரமில்லை, இரண்டு மூன்று ஹோட்டல்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அறை எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்தில் இரவுக் கடை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று கேட்டுவிட்டு, நேராகப் பதில் சொல்லும் இடத்தில் எடுங்கள்.